வைகைச் சமவெளிக்கு ‘சுட்டு மீன்’ எது? அயிரையை நம்பலாமா?

மணல்மேடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். முதுகலை விலங்கியல் படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு வைகையின் சமவெளிப் பகுதி மீன்களை எடுத்திருக்கிறேன். பேரணைக்குக் கீழே தொடங்கி சோழவந்தான், மதுரை நகரம், விரகனூர் மதகணை, திருப்புவனம் வரை இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒவ்வோர் இடத்திலும் கிடைக்கும் மீன்களை எண்ணி, அந்த இடம் எப்படிப்பட்டது என்று சொல்லக்கூடிய சுட்டு இனங்களைப் பிரித்தெடுக்க வேண்டும்.

இப்போதைக்குக் கையில் இருப்பது ஊரில் எல்லாரும் சொல்வதுதான்: அயிரை இருந்தால் நல்ல தண்ணீர், ஜிலேபி இருந்தால் கெட்ட தண்ணீர். இதையே கருதுகோளாக வைத்து இறங்கலாமா? ஆற்றோடு பழகியவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, கமிட்டி முன்னால் திட்டு வாங்குவதற்கு இங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.

தூண்டில் துரை எழுதியது:

தம்பி, ஜிலேபி இல்லாத இடம் ஒன்றை வைகையில் காட்டுங்கள், நான் பிரியாணி வாங்கித் தருகிறேன். அணையில் இருக்கிறது, கண்மாயில் இருக்கிறது, கல்குவாரிக் குட்டையில் இருக்கிறது, பந்தல்குடி வாய்க்கால் ஆற்றில் விழுகிற இடத்தில் கறுப்புத் தண்ணீரிலும் இருக்கிறது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன். முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பாற்றும். உப்புத் தண்ணீர், கலங்கல், சூடு எதுவும் அதை ஒன்றும் செய்யாது. எங்கேயும் இருக்கிற மீன் எந்த இடத்தைச் சொல்லும்?

எண்ணும் எழுத்தும் எழுதியது:

துரை அண்ணன் விளையாட்டாகச் சொன்னாலும் முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. ஊரில் நடக்கிற எல்லாக் கல்யாணத்துக்கும் வருகிற ஆளைப் பார்த்து, இது எந்த வீட்டுக் கல்யாணம் என்று சொல்ல முடியாது. அந்த வீட்டுக்கு மட்டுமே வருகிற ஆள் வேண்டும், அதிலும் தவறாமல் வருகிறவராக இருக்க வேண்டும்.

இந்த இரண்டையும் சேர்த்து அளக்கத்தான் 1997இல் துஃப்ரேன், லெஜாந்தர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ‘இண்ட்வால்’ என்ற அளவைக் கொடுத்தார்கள். அவர்கள் மீனை வைத்துச் செய்யவில்லை, பெல்ஜியத்துத் தரை வண்டுகளை வைத்துச் செய்தார்கள். ஆனால் கணக்கு எதற்கும் பொருந்தும். முதல் பங்கு, அந்த இனம் இந்த வகை இடத்தோடு எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது. இரண்டாவது, இந்த வகை இடங்களில் எத்தனையில் அது தலைகாட்டுகிறது என்பது. இரண்டையும் பெருக்கி நூறால் பெருக்கினால் மதிப்பு வந்துவிடும்.

நம்பர் போட்டால்தான் புரியும். இவை நானாக எழுதும் எண்கள், யாரும் மேற்கோள் காட்டிவிட வேண்டாம். மூன்று வகை இடம் என்று வைப்போம்: மணலில் ஓடும் நீர், தடுப்பணைத் தேக்கம், கழிவுநீர் கலக்கும் பகுதி. வகைக்கு ஐந்து இடம். அயிரை சராசரியாக மணலில் 8, தேக்கத்தில் 2, கழிவில் 0 கிடைத்தால் ஒட்டுதல் 8/10, அதாவது 0.8. மணல் இடம் ஐந்தில் நான்கில் கிடைத்தால் அதுவும் 0.8. பெருக்கினால் 64. நல்ல சுட்டு இனம்.

இனி ஜிலேபி. சராசரி 20, 30, 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். தேக்கத்தில்தான் அதிகம், ஐந்து தேக்கத்திலும் இருக்கிறது. ஆனாலும் ஒட்டுதல் 30/75, வெறும் 0.4. மதிப்பு 40தான். வலை நிறைய வந்தும் அயிரைக்குக் கீழே போய்விட்டது. இன்னொரு பக்கம், ஏதோ ஓர் அபூர்வ மீன் ஒரே ஒரு மணல் இடத்தில் ஒன்று மட்டும் சிக்கினால் ஒட்டுதல் முழுசாக 1, வருகை 1/5, ஆக 20. அபூர்வமாக இருப்பதாலேயே அது சுட்டு இனம் ஆகிவிடாது. போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடலாம், அவ்வளவுதான்.

சோழவந்தான்காரன் எழுதியது:

கணக்கு எனக்குத் தெரியாது, அயிரை தெரியும். எங்கள் வயலுக்குப் போகும் வாய்க்காலில் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அயிரை தண்ணீரில் மேயும் மீன் கிடையாது. கணுக்கால் ஆழத் தண்ணீரில், அரித்தெடுத்த மாதிரி இருக்கும் பொடி மணலில், மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு புதைந்து கிடக்கும். காலை வைத்தால் விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு இன்னோர் இடத்தில் போய்ப் புதையும். வாயோரம் மீசை இருக்கிறதே, அதை வைத்து மணலைத் துழாவித்தான் தின்னும்.

எங்கள் ஊருக்கு மேலே ஓர் இடத்தில் ஆற்றுமணலை அள்ளி அள்ளி அடியில் களிமண்ணும் பாறையும் தெரிய விட்டுவிட்டார்கள். தண்ணீர் அதே தண்ணீர்தான், மேலே எந்தச் சாக்கடையும் சேரவில்லை. குனிந்து அள்ளிக் குடிக்கலாம் போல இருக்கும். அங்கே ஓர் அயிரை கிடையாது. அதே நேரம் ஊருக்குள் வாய்க்காலில் சோப்பு நுரை மிதக்கிற இடத்தில்கூட, அடியில் மணல் இருந்தால் அரித்தால் வருகிறது. அதனால் ‘அயிரை இருந்தால் நல்ல தண்ணீர்’ என்று எழுதாதீர்கள். அயிரை இருந்தால் நல்ல மணல். அதுவரைக்கும் நான் சாட்சி சொல்வேன்.

பெர்லின் பாண்டி எழுதியது:

சோழவந்தான் அண்ணே, பிரமாதம். நான் பிறந்தது ஆரப்பாளையம், இப்போது வேலை ஜெர்மனியில். இங்கே சமவெளி ஆறுகளில் மீன் கணக்கெடுக்கும் குழுவோடு கொஞ்ச காலமாகச் சுற்றுகிறேன், அதனால் ஒன்று சேர்க்கிறேன்.

அயிரையின் குடும்பத்தில் ஐரோப்பாவிலும் ஒரு மீன் உண்டு. ‘வெதர்ஃபிஷ்’ என்பார்கள், காற்றழுத்தம் மாறினால் பரபரக்கும் என்பதால் வந்த பெயர். ஆற்றிலிருந்து துண்டுபட்டுப் போன பழைய வளைவுகளில், சேற்றுக்குள் கிடக்கும். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடல் வழியாக எடுத்துக்கொள்ளும். அந்தக் குடும்பத்தில் பல இனங்களுக்கு இந்தத் திறமை இருக்கிறது. அதனால் அயிரை ரகத்தைப் பார்த்தவுடன் ‘ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர்’ என்று முடிவு கட்டுவது ஆபத்து. மணலைச் சொல்கிறது என்ற அண்ணனின் கணிப்பே சரி.

இங்கே பழக்கம் என்னவென்றால், மீனை நல்லது கெட்டது என்று பிரிப்பதற்கு முன்னால் ஓட்டத்தை வைத்துப் பிரிப்பார்கள். ஓடும் நீர் இல்லாமல் வாழாதவை ஒரு கூட்டம், பார்பல், நேஸ் மாதிரி. இவை சரளைக் கல்லில் முட்டையிடும். தேங்கிய நீரும் செடியும் கேட்பவை இன்னொரு கூட்டம், டென்ச், ரட் மாதிரி. எதற்கும் ஒத்துப்போகிறவை மூன்றாவது: ரோச், பிரீம். ஆற்றில் மதகும் அணையும் கட்டக் கட்ட முதல் கூட்டம் கரைந்து, மூன்றாவது கூட்டம் பெருகும். தண்ணீரைச் சோதித்தால் சுத்தமாகவே இருக்கும், ஆனால் மீன் கூட்டம் மாறிப்போயிருக்கும். 1949லேயே பெல்ஜியத்தைச் சேர்ந்த ஹூவே என்ற ஆய்வாளர், ஆற்றின் சரிவையும் அகலத்தையும் வைத்து மேலிருந்து கீழாக ட்ரவுட், கிரேலிங், பார்பல், பிரீம் என நான்கு மண்டலம் பிரித்தார். கடைசி இரண்டும் சமவெளிக்கு உரியவை. அந்தப் பெயர்களை வைகைக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் ‘ஓட்டமா, தேக்கமா, எதற்கும் சரியா’ என்ற கேள்வியைக் கொண்டுவரலாம்.

வண்டியூர் வாசி எழுதியது:

தெரியாமல்தான் கேட்கிறேன். தண்ணீர் எப்படி என்று தெரிய வேண்டுமென்றால் தண்ணீரையே சோதித்துவிட்டுப் போகலாமே? ஒரு பாட்டில் எடுத்துப் பரிசோதனைச் சாலையில் கொடுத்தால் ஆக்சிஜன், அமில கார அளவு எல்லாம் வந்துவிடும். மீனைப் பிடித்து, எண்ணி, பெயர் கண்டுபிடித்து, கணக்குப் போட்டு… எதற்கு இவ்வளவு பாடு?

எண்ணும் எழுத்தும் எழுதியது:

எப்போது எடுத்த பாட்டில் என்பதுதான் சிக்கல். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் மீன் வளர்வதற்கான ‘டி’ வகை நீருக்கு ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும். நம் ஊர் வெயிலில், 30 டிகிரியில், காற்றிலிருந்து தண்ணீர் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஆக்சிஜனே ஏழரை மில்லிகிராம் அளவுதான். பாசி பச்சையாகப் படர்ந்த குட்டையில் மத்தியானம் இரண்டு மணிக்கு எடுத்தால் பாசி ஒளிச்சேர்க்கை செய்துகொண்டிருக்கும், அளவு அமோகமாக வரும். அதே குட்டையில் விடியற்காலை ஐந்து மணிக்கு எடுங்கள். ராத்திரி முழுக்கப் பாசியும் மீனும் பாக்டீரியாவும் சுவாசித்துத் தீர்த்திருக்கும், ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். மாதிரி எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் பத்து மணிக்கு மேல்தான் வருவார்கள்.

மீன் அப்படியில்லை. ராத்திரியும் அங்கேதான் இருக்கிறது, போன மாதமும் அங்கேதான் இருந்தது. தாங்க முடியாதது செத்திருக்கும், அல்லது நீந்திப் போயிருக்கும். மிச்சம் இருப்பதைப் பார்த்தால் அந்த இடம் எந்த அளவுக்கு மோசமாகும் என்று தெரியும். அதற்காகப் பாட்டில் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டும் வேண்டும், பாட்டிலை விடியற்காலையில் எடுங்கள்.

தூண்டில் துரை எழுதியது:

விடியற்காலை என்றதும் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஓபுளா படித்துறைப் பக்கம் தடுப்பணையில் தேங்கி நிற்கும் தண்ணீரை வெளிச்சம் வருகிற நேரத்தில் போய்ப் பாருங்கள். ஜிலேபி எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து, மேல்பரப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வரிசையாக நிற்கும். அது காற்றைக் குடிப்பதில்லை. காற்றோடு ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கும், அதைச் செவுளுக்கு அனுப்புகிறது. விரால் வேறு மாதிரி. ஒரு தடவை வரும், ‘பொளக்’ என்று காற்றை வாங்கிக்கொண்டு உடனே கீழே போய்விடும். விராலுக்கு அது அவசியம். மேலே வர விடாமல் வலையை அமுக்கி வைத்தால், நல்ல தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் செத்துவிடும்.

இந்தக் காற்று வாங்கும் சாதி தனிக் கூட்டம்: விரால், குரவை, தேளி, பனையேறிக் கெண்டை, அப்புறம் தடை போட்டும் ஒழியாத ஆப்பிரிக்கக் கெளுத்தி. நகரத்துக்குள் ஓர் இடத்தில் வலை வீசி இவை மட்டுமே வந்து, ஒரு சின்னக் கெண்டைகூட வரவில்லை என்றால், அந்த இடத்தில் ராத்திரி ஆக்சிஜன் செத்துப்போகிறது என்று நான் எழுதிக் கொடுப்பேன். ஆனால் விரால் மட்டும் கிடைத்தால் ஒன்றும் சொல்ல மாட்டேன். அது நல்ல கண்மாயிலும் இருக்கும்.

எண்ணும் எழுத்தும் எழுதியது:

இதுதான் கூட்டத்தைச் சுட்டுவது. ஒற்றை மீனை விட, எது எதோடு சேர்ந்து வருகிறது, எது வரவில்லை என்பதில்தான் செய்தி இருக்கிறது. இண்ட்வால் கணக்கையே இரண்டு இனங்களின் சேர்க்கைக்குப் போடலாம். ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருளில் ‘இண்டிக்ஸ்பீசிஸ்’ என்ற தொகுப்பு அதைச் செய்யும்.

ஒரு எச்சரிக்கை. ‘வரவில்லை’ என்பதை எழுதும்போது இரண்டு தடவை யோசியுங்கள். பெரிய கண் வலையை வைத்துவிட்டு அயிரை இல்லை என்று எழுதினால் அது ஆற்றின் குறை இல்லை, வலையின் ஓட்டை.

கரிமேட்டுக்காரி எழுதியது:

மீன் வியாபாரத்தில் இருக்கிறேன், இழையை முழுசாகப் படித்தேன். தங்கச்சியோ தம்பியோ, மார்க்கெட்டில் வாங்கி எண்ணிவிடலாம் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். அயிரைக்கு இருக்கும் கிராக்கிக்கு எந்த ஊரிலிருந்து வந்தாலும் ‘வைகை அயிரை’ என்றுதான் கூவுவோம். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி உயிரோடு வைத்திருந்தால்தான் விலை, செத்த அயிரையை மதுரைக்காரர்கள் தொடவே மாட்டார்கள். அது எந்த வாய்க்காலில் அரித்தது என்று எங்களுக்கே பல நேரம் தெரியாது.

ஆனால் ஒன்று கண்டுபிடிக்கலாம். வாங்கிப்போய்ப் பாலிலோ உப்புத் தண்ணீரிலோ விடுவீர்கள் இல்லையா, வயிற்றில் இருப்பதைக் கக்குவதற்கு? நல்ல ஆற்று அயிரை கக்குவது பொடி மணல், அடியில் பளபளவென்று படியும். சில நேரம் கறுப்பாகச் சேறு கக்கும். அப்படி வந்தால் குழம்பிலும் சேற்று வாடை வரும், எத்தனை புளி ஊற்றினாலும் போகாது.

பெர்லின் பாண்டி எழுதியது:

அக்கா சொல்லும் அந்தச் சேற்று வாடைக்கு ‘ஜியோஸ்மின்’ என்று ஒரு பொருள்தான் முக்கியக் காரணம். நீலப்பச்சைப் பாசியும் ஒருவகை பாக்டீரியாவும் உண்டாக்குவது. சத்து மிகுந்து தேங்கின தண்ணீரில் நிறைய வரும். மழை பெய்தவுடன் வரும் மண் வாசனையும் இதேதான். கக்கின மணலைக் காயவைத்து லென்ஸில் பார்ப்பது, உண்மையைச் சொன்னால், நல்ல யோசனை. உணவு எங்கிருந்து வந்தது என்று காட்டும்.

மணல்மேடு எழுதியது:

எல்லாரும் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. மூன்று சந்தேகம். கட்லா, ரோகு நிறையக் கிடைக்கும் இடங்களை என்ன செய்வது? எந்த மாதத்தில் இறங்குவது? இடங்களை முதலிலேயே வகை பிரிப்பதா, மீனை எண்ணிவிட்டு அதை வைத்துப் பிரிப்பதா?

எண்ணும் எழுத்தும் எழுதியது:

மூன்றாவதற்கு நான். மீனை வைத்தே இடங்களைக் குழுவாகப் பிரித்து, அப்புறம் அதே மீன் அந்தக் குழுவைச் சுட்டுகிறதா என்று சோதித்தால், ஆமாம் என்றுதான் வரும். நீங்களே கேள்வித்தாள் எழுதி நீங்களே திருத்தின கணக்கு. பட்டியலாகக் காட்டலாம், விளக்கலாம். ஆனால் அதில் வரும் ‘பி’ மதிப்பை, அதாவது தற்செயலாகவே இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண்ணை, பெருமையாக எழுதக் கூடாது. அதனால் அடிமணல், நீரோட்டம், சாக்கடை விழும் இடத்திலிருந்து தூரம், இவற்றைக் கொண்டு முன்னாலேயே வகை பிரியுங்கள்.

சோதனை எளிமைதான். எந்த இடம் எந்த வகை என்ற ஒட்டுச்சீட்டுகளைக் கலைத்துக் கலைத்துப் போட்டு, 999 தடவை இண்ட்வால் கணக்கிடச் சொல்லுங்கள். உண்மையான மதிப்பு அந்தக் கலைத்த மதிப்புகளை எத்தனை தடவை தாண்டி நிற்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை. ஆனால் 30 இனத்துக்கு ஐந்து சதவீத அளவில் சோதித்தால், ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒன்றிரண்டு தற்செயலாகத் தேறிவிடும். அதற்குத் திருத்தம் போடுங்கள்.

அப்புறம், ஒரே பாலத்துக்கு அடியில் ஐந்து தடவை வலை வீசினால் அது ஐந்து இடம் ஆகாது. ஓரிடம்தான். ஆய்வேடுகளில் நான் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன விஷயம் இது.

தூண்டில் துரை எழுதியது:

முதல் இரண்டும் என்னுடையது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைப் பக்கத்து மீன்கள். இங்கே அணையிலும் கண்மாயிலும் குஞ்சு வாங்கி விடுகிறார்கள், குத்தகைக்காரர் வளர்த்துப் பிடிக்கிறார். மழையில் கண்மாய் மறுகால் பாய்ந்தால் ஆற்றுக்கு வந்துவிடும். அது கிடைத்தால் ஆற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது, குஞ்சு விட்டிருக்கிறார்கள் என்று மட்டும்தான் தெரியும். எண்ணி எழுதி வையுங்கள், சுட்டு இனக் கணக்கிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் வைகையில் இதுதான் முதல் வேலை, யாரை உள்ளே விடக் கூடாது என்று முடிவு செய்வது.

மாதம். சித்திரையில் வேண்டவே வேண்டாம். அழகர் இறங்குவதற்கு அணையிலிருந்து தண்ணீர் விடுவார்கள், அணை மீன் பாதி அதோடு அடித்துக்கொண்டு வரும். அடுத்த வாரம் நீங்கள் வலை போட்டால் ஆண்டிபட்டிப் பக்கத்து மீனை மதுரையில் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். முழுக் கோடையிலும் சரிவராது. ஆறு வற்றி அங்கங்கே மடுவாக நிற்கும்போது, ஓட்டத்து மீனும் தேக்கத்து மீனும் வேறு வழியில்லாமல் ஒரே குழியில் கிடக்கும். எல்லாம் எல்லாவற்றோடும் வரும், எதுவும் எதையும் சொல்லாது. வடகிழக்கு மழை ஓய்ந்து, கலங்கல் தெளிந்து, ஓட்டம் நிதானமான பிறகு தை, மாசியில் இறங்குங்கள். பாசனத்துக்குத் திறந்துவிட்ட தேதிகளைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சோழவந்தான்காரன் எழுதியது:

திறந்துவிடுவது என்றதும் கேட்கிறேன், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாக மலையைத் தாண்டித்தானே 1895லிருந்து வைகைக்கு வருகிறது? அந்தப் பக்கத்து மீனும் சேர்ந்து வந்திருக்காதா?

வண்டியூர் வாசி எழுதியது:

முல்லைப் பெரியாறு என்று எடுத்துவிட்டீர்களா? இனி 142 அடியா 152 அடியா என்று நாலு பக்கத்துக்கு ஓடும்.

நெறியாளர்:

ஓடாது. அணை உயரம் பேச வேறு இழை இருக்கிறது. இங்கே மீன் மட்டும்.

பெர்லின் பாண்டி எழுதியது:

சரி, மீன். விலாங்கைப் பற்றி யாரும் பேசவில்லையே? அது கடலில் முட்டையிட்டு ஆற்றில் வளரும் மீன். வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை போய், நல்ல வெள்ளத்தில் மட்டுமே மிச்சம் கடலைத் தொடுகிறது. இடையில் பார்த்திபனூர், விரகனூர் மதகணைகள். ஒரு விலாங்கு திருப்புவனத்தில் கிடைத்தால் கடலுக்கும் ஆற்றுக்கும் வழி திறந்திருந்தது என்று அர்த்தம்.

ஆனால் எப்போது திறந்திருந்தது? விலாங்கு பல வருஷம் நன்னீரில் கிடக்கும். என்றைக்கோ வந்த ஒரு வெள்ளத்தில் ஏறி வந்ததாக இருக்கலாம். அதனால் அது இன்றைய ஆற்றைச் சுட்டாது, பழைய வெள்ளத்தைச் சுட்டும். சுட்டு இனம் எடுக்கும்போது அதன் ஆயுளையும் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு வருஷமே வாழும் சின்னக் கெண்டை நிகழ்காலத்தைச் சொல்லும். பெரிய வாளை பழைய கதையைச் சொல்லும்.

இன்னொன்று. சுட்டு இனப் பட்டியல் ‘இந்த இடம் இப்படிப்பட்டது’ என்று சொல்லும், ‘இந்த இடம் எத்தனை மதிப்பெண்’ என்று சொல்லாது. மதிப்பெண் வேண்டுமென்றால் 1981இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கார் என்ற ஆய்வாளர் கொண்டுவந்த உயிரின முழுமைக் குறியீடு மாதிரி ஒன்று வேண்டும். 12 அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் 1, 3 அல்லது 5. மொத்தம் 12லிருந்து 60க்குள் வரும். எத்தனை இனம், தாங்கும் இனம் எத்தனை பங்கு, புண்ணும் கட்டியும் உள்ள மீன் எத்தனை, இப்படிப் போகும். ஆனால் அதற்கு ‘கெடாத ஆறு எப்படி இருக்கும்’ என்று ஒப்பிட ஓர் இடம் வேண்டும். வைகைச் சமவெளியில் கெடாத இடம் எது? யோசித்துவிட்டு இறங்குங்கள். முதுகலை ஆய்வேட்டுக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து.

வண்டியூர் வாசி எழுதியது:

இப்போது கொஞ்சம் புரிகிறது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. கழிவுநீர்ப் பகுதிக்குச் சுட்டு மீன் கண்டுபிடித்து என்ன செய்யப்போகிறோம்? மூக்கு இருந்தால் போதாதா?

எண்ணும் எழுத்தும் எழுதியது:

நாறுகிற இடத்துக்கு மூக்கு போதும். நாற்றம் நின்ற பிறகு கீழே எத்தனை தூரம் போனால் ஆறு தன்னைச் சரிசெய்துகொள்கிறது என்பதற்கு மூக்கு போதாது. விரகனூர்த் தேக்கத்தில் ஆகாயத்தாமரை மூடிக்கிடக்கிறது. அதைத் தாண்டித் திருப்புவனம் மணலில் தண்ணீர் பார்க்கத் தெளிவாகவே இருக்கும். அங்கே சோழவந்தானில் கிடைக்கிற அதே கூட்டம் திரும்பி வருகிறதா, இல்லை காற்று வாங்கும் கூட்டம்தான் இன்னும் தொடர்கிறதா? இந்த ஆய்வில் எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையான கேள்வி அதுதான்.

சோழவந்தான்காரன் எழுதியது:

திரும்பி வந்தாலும் அது மேலேயிருந்து வந்ததா, பக்கத்துக் கண்மாயிலிருந்து வந்ததா என்று எப்படிச் சொல்வீர்கள்? மணல் இருந்தால் வாய்க்கால் அயிரை ஆற்றில் இறங்கிவிடும், நடுவில் மதுரை நாறினாலும்.

எண்ணும் எழுத்தும் எழுதியது:

சொல்ல முடியாது, மீன் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. நல்ல கேள்வி. பக்கத்து வாய்க்கால்களிலும் ஒன்றிரண்டு இடம் எடுத்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும்.

மணல்மேடு எழுதியது:

இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன். வகை மூன்று: மணல் ஓட்டம், மதகணைத் தேக்கம், சாக்கடை சேர்ந்த பகுதி. திருப்புவனம் இடங்களைத் தனி வகையாக வைத்து, எதோடு சேர்கிறது என்று கடைசியில் பார்ப்பேன். கூடவே சோழவந்தான், திருப்புவனம் வாய்க்கால்கள். தை, மாசி. குஞ்சு விட்ட மீன்கள் கணக்குக்கு வெளியே. விடியற்காலை ஆக்சிஜன். அயிரைக்கு எதிர்பார்ப்பு ‘மணலோடு ஒட்டும், ஆக்சிஜனோடு ஒட்டாது’. இது தப்பாகப் போனாலும் எழுத விஷயம் இருக்கும் என்று வழிகாட்டி சொன்னார்.

வலை விஷயம் மட்டும் பாக்கி. தங்கூசி வலை மட்டும் போதுமா?

தூண்டில் துரை எழுதியது:

போதாது. தங்கூசி நடு ஆழத்தில் நீந்துவதைப் பிடிக்கும். கரையோரப் புல்லுக்கும் ஆகாயத்தாமரை ஓரத்துக்கும் ஊத்தா அல்லது கச்சா மாதிரி கையால் பிடிக்கும் கருவி. மணலுக்குக் கொசுவலை மாதிரி பொடிக்கண் துணியை இரண்டு பேர் பிடித்து, மூன்றாவது ஆள் மேலேயிருந்து காலால் மணலைக் கிளறிக்கொண்டு வர வேண்டும். எந்த இடத்திலும் அதே கருவி, அதே நேரம், அதே ஆட்கள். ஓர் இடத்தில் ஒரு மணி நேரம், இன்னோர் இடத்தில் பசி வந்ததும் கிளம்பினோம் என்றால் எண்ணும் எழுத்தும் அண்ணன் உங்களை விடமாட்டார்.

மருந்து, வெடி, கரண்ட் எதையும் யாராவது ‘சீக்கிரம் முடியும்’ என்று சொன்னால் கிட்டே சேர்க்காதீர்கள். வெடியும் விஷமும் 1897ஆம் வருஷச் சட்டத்திலிருந்தே குற்றம். இறங்குவதற்கு முன்னால் மாவட்ட மீன்வள அலுவலகத்தில் கடிதம் கொடுத்துவிடுங்கள். குத்தகை விட்ட பகுதியில் குத்தகைக்காரரிடமும் ஒரு வார்த்தை. கடிதம் இருந்தாலும் அவர் ஆள் வந்து வலையைப் பிடுங்குவான், முன்னாலேயே டீ வாங்கிக் கொடுத்துப் பேசிவிடுவது நல்லது.

பெர்லின் பாண்டி எழுதியது:

பெயர் சந்தேகமான மீன்களை மட்டும் வகைக்கு ஒன்றிரண்டு 10 சதவீத ஃபார்மலினில் போட்டு, பிறகு 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றி வையுங்கள். கையுறை கட்டாயம். மற்றதை எண்ணிவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடலாம். ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும் திரும்ப விட வேண்டாம். ‘கெண்டை’ என்று மட்டும் நோட்டில் எழுதி வராதீர்கள், அந்தப் பெயரில் பத்து இனம் இருக்கும். செதில் வரிசை, வாலடிப் புள்ளி, மீசை எத்தனை ஜோடி, மூன்றும் தெரிகிற மாதிரி ஸ்கேல் வைத்து இடது பக்கம் ஒரு போட்டோ. இங்கே ஏற்றினால் பார்த்துச் சொல்கிறேன்.

கரிமேட்டுக்காரி எழுதியது:

போட்டோவை எனக்கும் காட்டுங்கள். புத்தகப் பெயர் தெரியாது, ஆனால் குஞ்சு விட்ட மீனா ஆற்றில் பிறந்த மீனா என்று உடம்பைப் பார்த்தே பாதி சொல்லிவிடுவேன். தீவனம் தின்று வளர்ந்தது வயிறு தொங்கும்.

எண்ணும் எழுத்தும் எழுதியது:

அக்காவின் பதிலை ஒரு தனிப் பத்தியாக எழுதி வையுங்கள். போட்டோவில் இடம் எது என்று சொல்லாமல் காட்டுங்கள், அப்போதுதான் அது சோதனை.

கரிமேட்டுக்காரி எழுதியது:

சோதித்துப் பாருங்கள் தம்பி. காசு வைத்துக்கூட விளையாடத் தயார்.